பின்வாங்கும் சக்கரம்

பாகூரில் மலை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல்லவர் காலத்துச் செப்பேடு உண்டு; அந்தச் செப்பேட்டில் சொல்லப்படும் கல்விச்சாலையின் பெருமை உண்டு; மூலநாதர் கோயில் உண்டு; கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த ஏரி உண்டு. மலை மட்டும் இல்லை. ஊரிலே உயரமான இடம் எது என்று கேட்டால் ஏரிக்கரையைத்தான் காட்டுவார்கள். அதன்மேல் ஏறி நின்று பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் நெல்வயலுமாக, பூமி தாம்பாளம்போலத் தட்டையாகக் கிடக்கும். இப்படிப்பட்ட சீமையில் உட்கார்ந்துகொண்டு, மலையுச்சியிலிருந்து தலைகுப்புறப் பாயும் சைக்கிளைப் பற்றி ஒருவன் எழுத ஆரம்பித்தால் வாசகர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் குற்றம் என்னுடையதல்ல. எங்கள் சைக்கிள் கடைக்காரருடையது.

பொங்கல் விடுமுறைக்கு என் தங்கையின் பேரன் வந்திருந்தான். கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படிக்கிறவன். என் பழைய சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் கடைக்குப் போனபோது அவனும் கூட வந்தான். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பையன் தன் கைப்பேசியில் ஒரு பந்தயப் படத்தைப் போட்டுக் காட்டினான். பாறையும் வேருமாகக் கிடக்கும் செங்குத்தான காட்டுப் பாதை. அதிலே ஒருவன் சைக்கிளில் இறங்குகிறான். இறங்குகிறான் என்று சொல்வது கூடத் தப்பு. விழுகிறான், ஆனால் கீழே விழாமல் விழுகிறான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கடைக்காரர் அசரவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லி, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ஐயா, இங்க பாருங்க. செயின் நேரா பின் சக்கரத்துக்குப் போக வேண்டியதுதானே? மேல தூக்கி, ஒரு சின்னப் பல்சக்கரத்துல ஏத்திக் கொண்டு போறான். கிணத்துக் கப்பி மாதிரி. அது எதுக்கு?"

"அதுக்குப் பேரு 'ஹை பிவட்' மாமா" என்றான் பையன்.

"பேரக் கேக்கலயே தம்பி. எதுக்குன்னு கேட்டேன்."

பையன் விழித்தான். நானும் விழித்தேன். அந்தக் கேள்வியைப் பஞ்சர் ஒட்டிய சைக்கிளோடு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். பதிலைத் தேடப் போனால் அது என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், கடைசியில் என் பாட்டியின் வாசற்படியிலேயே கொண்டுவந்து விட்டது. அந்தப் பிரயாணத்தின் சரித்திரம்தான் இது.

சக்கரம் ஒரு கல்லில் மோதினால் என்ன ஆகும்? மேலே தூக்கிப் போடும் என்று எல்லாரும் சொல்வோம். பாதிதான் சரி. ஓடிவரும் சக்கரத்தின் முன்புறத்தில் அல்லவா கல் இடிக்கிறது? ஆகவே அது சக்கரத்தை மேலே தள்ளுவதோடு பின்னாலும் தள்ளுகிறது. இருட்டில் நடக்கும்போது கால் கல்லில் இடறினால் நாம் என்ன செய்கிறோம்? முழங்கால் தானே மடங்குகிறது, பாதம் பின்வாங்குகிறது, பிறகு கல்லைத் தாண்டி முன்னே வருகிறது. இந்த வித்தை காலுக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியாது. வண்டிக்கு முழங்கால் இல்லை.

முழங்கால் இல்லாத வண்டியின் பரம உதாரணத்தைப் பார்க்க வேண்டுமானால் வில்லியனூர்த் தேரோட்டத்துக்குப் போகவேண்டும். திருக்காமீசுவரர் தேருக்கு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். ஆட்சி மாறிய பிறகும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. அத்தனை கௌரவம் வாய்ந்த தேரில் ஒரு வில் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. மரச்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அடியிலிருந்து உச்சிக் கலசம் வரைக்கும் ஓர் ஆட்டம் ஆடும். தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போடுவார்கள். அந்தக் கட்டை கொடுக்கும் அதிர்ச்சியும் சுவாமிக்கும் உடன் உட்கார்ந்திருக்கும் குருக்களுக்கும் நேராகப் போய்ச் சேரும். சுவாமி பொறுத்துக்கொள்கிறார். குருக்கள் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறார்.

சரி, தெய்வம் பொறுக்கும்; பெரிய மனிதர்கள் பொறுப்பார்களா? அவர்களுக்காகத்தான் பல்லக்கு இருந்தது. சக்கரத்துக்கு முழங்கால் இல்லையென்றால், முழங்கால் உள்ள மனிதர்களையே சக்கரத்துக்குப் பதில் வைத்துக்கொண்டால் போயிற்று! டூப்ளேயின் துபாஷியாக இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கவர்னர் மாளிகைக்குள்ளேயே பல்லக்கில் போகும் உரிமை இருந்தது என்பது புதுச்சேரியில் எல்லாரும் பெருமையாகச் சொல்லும் செய்தி. உள்ளே சாய்ந்திருப்பவருக்குப் பாதையின் மேடு பள்ளம் தெரியாது. தூக்குகிறவன் முழங்காலுக்கும் தோளுக்கும் ஒவ்வொரு கல்லும் தெரியும். தோளிலே காய்ப்பு ஏறியிருக்கும். உலகத்தின் மிக நேர்த்தியான அதிர்ச்சி தாங்கி அதுதான். மனிதச் சதையால் ஆனது என்பது ஒன்றுதான் அதில் உள்ள குறை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மனத்தில் முடிந்துகொள்ள வேண்டும். அதிர்ச்சி என்பது காணாமல் போகிற வஸ்து அல்ல. கல் கொடுத்ததை யாராவது வாங்கித்தான் ஆகவேண்டும். கல்லையே எடுத்துவிடுவது ஒரு வழி. 1879-இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் வந்தது. அந்த இருப்புப்பாதை அப்படிப்பட்ட ஏற்பாடுதான். வழியிலே மேடும் கல்லும் இல்லாமல் முன்கூட்டியே இழைத்துவிட்டார்கள். கல்லை எடுக்க முடியாத இடத்தில், அதன் அடியை வாங்குவது யார் என்ற கேள்வி எழும். வண்டிகளின் சரித்திரம் முழுவதும் இந்தக் கேள்விக்குக் காலத்துக்குக் காலம் கொடுத்த பதில்கள்தான்.

பிரெஞ்சுப் புதுச்சேரி கண்டுபிடித்த பதிலுக்குப் 'புஷ்புஷ்' என்று பெயர். மூன்று சக்கர வண்டி. துரை உள்ளே உட்கார்ந்துகொண்டு முன்சக்கரத்தின் கைப்பிடியைத் திருப்புவார். ஆள் பின்னாலிருந்து தள்ளுவான். வழியைத் தீர்மானிப்பவர் ஒருவர், வழியின் பாரத்தைச் சுமப்பவர் ஒருவர். இதைவிடச் சுருக்கமாகக் காலனி ஆட்சியை யாரும் படம் வரைந்து காட்டியதில்லை.

நாட்டுப்புறத்தின் பதில் வேறு. அதுதான் வில்வண்டி.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வில்வண்டியைச் சினிமாவில்தான் பார்த்திருப்பார்கள். கூண்டு வைத்து, உள்ளே மெத்தை போட்டு, மாட்டின் கழுத்தில் சலங்கை கட்டிய வண்டி. அதன் கௌரவம் சலங்கையிலும் இல்லை, மெத்தையிலும் இல்லை. இருசுக்கும் வண்டித் தட்டுக்கும் நடுவில் இருக்கிறது. எஃகுத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நீளத்திலிருந்து குட்டைக்கு வரிசையாக அடுக்கி, வில்லைப்போல வளைத்து வைத்திருப்பார்கள். சக்கரம் கல்லில் ஏறினால் வில் அமுங்கும், இறங்கினால் நிமிரும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர் இத்தகைய வில்லைக் கோச்சு வண்டிக்குப் பொருத்தி, பெரிய புரட்சியே செய்துவிட்டார். அந்த வில்தான் கப்பலேறி வந்து நம் ஊர்க் கொல்லர் கையிலும் தச்சர் கையிலும் பட்டு, மாட்டு வண்டியின் கீழே போய் உட்கார்ந்தது. மிராசுதார் வீட்டில் இரண்டு வண்டி இருக்கும். நெல்லும் எருவும் ஏற்றக் கட்டைவண்டி. வீட்டுப் பெண்கள் ஏறி விசேஷத்துக்குப் போக வில்வண்டி. மற்றவர்கள் வீட்டில் கட்டைவண்டி இருந்தாலே பெரிது.

கட்டைவண்டிக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. அதன் பெரிய சக்கரம். ஆள் மார்பளவு உயர்ந்த சக்கரத்துக்கு, கையகலக் கல் ஒரு பொருட்டில்லை; மெல்ல ஏறி இறங்கிவிடும். அதற்கு மேற்பட்ட கல்லானால் ஆரக்கால், குடம், இருசு, தட்டு என்று அடி நேரே உச்சந்தலைக்குப் போகும்.

என் பாட்டியின் வாசற்படிக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? பிரெஞ்சுக்காரர் இருந்த காலம். பாகூர்க் கொம்யூனில் ஒரு சிற்றூர். என் அத்தைக்கு அப்போது நிறைமாதம். வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியும் பிரசவம் ஆகவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சுமார் இருபது கிலோமீட்டர். பாட்டி பெரிய வீட்டுக்கு ஓடினாள், வில்வண்டி கேட்டு. வண்டி வெளியூர் போயிருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வண்டி கொட்டகையில் நிற்பதைப் பாட்டி கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

கட்டைவண்டியில் முழங்கால் ஆழத்துக்கு வைக்கோலைப் பரப்பினார்கள். அதன்மேல் மெத்தை இல்லை, கோணியும் பழஞ்சேலையும். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, மகளின் இடுப்பைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். வழியெல்லாம், சக்கரம் தூக்கிப் போடும்போதெல்லாம், அந்த மடிதான் வில். அத்தை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. வண்டியின் குலுக்கல்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. வேறு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் பாட்டி எண்பது வயது வரைக்கும், வில்வண்டி தெருவில் போனால் உள்ளே எழுந்து போய்விடுவாள். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "அந்த வண்டி மட்டும் கெடச்சிருந்தா புள்ள பொழச்சிருக்கும்டா."

ஆகவே ஸ்பிரிங் என்பது சுகவாசிகளின் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

இனி சைக்கிளுக்கு வருவோம். 1860-களில் பாரிஸில் மிஷோ என்பவரின் பட்டறையில் முன்சக்கரத்தில் பெடல் வைத்த வண்டிகள் செய்தார்கள். மரச்சக்கரம், இரும்புப் பட்டா. நம் கட்டைவண்டியின் ஒல்லியான தம்பி. இங்கிலீஷ்காரர்கள் அதற்கு 'எலும்பை உலுக்கும் வண்டி' என்று பெயர் வைத்தார்கள். ஏறிப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்பதில் சந்தேகமில்லை. பிறகு 1885-இல் ஸ்டார்லி என்பவரின் 'ரோவர்' சைக்கிள், இன்றைய உருவத்தில், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சக்கரத்துக்குச் செயினோடு வந்தது. அதே 1885-இல் லண்டனில் லின்லி, பிக்ஸ் என்ற இருவர் 'விப்பெட்' என்றொரு சைக்கிள் செய்தார்கள். அதன் சட்டமே இரண்டு பாகம், நடுவிலே ஸ்பிரிங். ஆசனமும் பெடலும் ஹேண்டில்பாரும் ஒரு பாகத்தில். சக்கரங்கள் மற்றப் பாகத்தில். சக்கரம் எப்படிக் குதித்தாலும் சவாரி செய்பவர் கம்பீரமாக மிதக்கலாம். வில்வண்டியின் தத்துவம் சைக்கிளுக்கு வந்துவிட்டது. இனி எல்லாச் சைக்கிளும் இப்படித்தான் என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

விதி பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஒரு கால்நடை வைத்தியர் உருவத்தில் வந்தது. ஜான் பாய்ட் டன்லப் தம் பிள்ளையின் மூன்று சக்கரச் சைக்கிள் கரடு முரடான தரையில் கஷ்டப்படுவதைப் பார்த்து, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். 1888-இல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். மறு வருஷமே காற்று டயர் போட்ட சைக்கிளில் ஏறி வில்லி ஹ்யூம் என்பவர் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் எல்லாரையும் தோற்கடித்தார். அவ்வளவுதான்; ஸ்பிரிங் சட்டம் செய்தவர்கள் கடையைக் கட்டினார்கள். இரண்டு விரல் கனமுள்ள காற்று மெத்தை போதும் என்று உலகம் தீர்மானித்துவிட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம், சாதாரணச் சைக்கிளில் ஸ்பிரிங் தங்கிய இடம் ஒன்றே ஒன்று: ஆசனத்தின் அடி.

சென்னைக்கு அருகே அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து, 1951 முதல் சைக்கிள்கள் வெளிவந்தன. அந்தக் கறுப்புச் சைக்கிள்களிலும் அந்த ஸ்பிரிங் ஆசனம்தான். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் குடியானவர்களின் வாழ்க்கை அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. நெல் மூட்டை, பால் குடம், வாழைத்தார், கரும்புக் கட்டு என்று அது சுமக்காத பாரமில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஓட்டுகிறவன் ஆசனத்தில் ஸ்பிரிங் உண்டு. பின்னால் கேரியரில், மடியில் பிள்ளையோடு ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறாளே அவன் மனைவி, அவளுக்கு நான்கு இரும்புக் கம்பிகள்தான். அதுவும் பின்சக்கரத்தின் உச்சந்தலைக்கு நேர்மேலே. சாலையின் ஒவ்வொரு கல்லும் முதலில் அவளைத்தான் விசாரிக்கும்.

மலைச் சைக்கிள் பிறந்தது வெகு தூரத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் வட்டாரத்தில். அங்கே சில வாலிபர்கள் பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டு போய், மண் பாதையில் கீழ்நோக்கிப் பந்தயம் விட்டார்கள். 1976-இல் முதல் பந்தயம் நடந்தது. அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரீபேக்'. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய காலத்து பிரேக், ஒரே இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும்; ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும்; அதனால்தான் அந்தப் பெயர். விளையாட்டாக ஆரம்பித்தது, 1990-இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் சர்வதேசச் சங்கமே உலகப் போட்டி நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. இறக்கப் பந்தயத்தில் வென்ற கிரெக் ஹெர்போல்டின் சைக்கிளில் முன் ஃபோர்க்கிலே அதிர்ச்சி தாங்கி இருந்தது. டன்லப் விரட்டிவிட்ட ஸ்பிரிங், நூறு வருஷ வனவாசம் முடிந்து திரும்பி வந்துவிட்டது. மலைப் பாறைக்கு இரண்டு விரல் காற்று போதவில்லை.

முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைப்பது சுலபம். முன் ஃபோர்க் சாய்வாக இருக்கிறது. அமுங்கும்போது சக்கரம் மேலேயும் பின்னேயுமாகப் போகிறது. கல் எந்தத் திசையில் தள்ளுகிறதோ அந்தத் திசையிலேயே விட்டுக்கொடுக்கிறது. தகராறு பின்சக்கரத்தில்தான்.

பின்சக்கரத்தை ஒரு கையின் நுனியில் மாட்டி, அந்தக் கையின் மறுமுனையை ஒரு கீலினால் சட்டத்தில் பொருத்துகிறார்கள். சக்கரம் மேலே எழும்பினால் கை கீலைச் சுற்றித் திரும்பும். நடுவில் உள்ள ஸ்பிரிங் அமுங்கும். கீலை எந்த உயரத்தில் வைப்பது? இதுதான் கேள்வி. இதற்கு விடை சொல்ல எனக்கு என்ஜினீயரிங் கல்லூரி வேண்டியிருக்கவில்லை. ஏற்றம் போதுமாக இருந்தது.

பம்புசெட்டு வருவதற்கு முன் நம் கிணறுகளில் இருந்த ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நட்டு நிற்கும் ஏற்றக்காலின் உச்சியில் துலா ஆடும். துலாவின் நுனி கிணற்றுக்குள் தாழ்ந்திருக்கும்போது அது ஏற்றக்காலுக்குக் கிட்டே இருக்கும். மேலே வர வர, ஏற்றக்காலை விட்டு விலகி விலகிப் போகும். உச்சிக்குச் சமமாக வரும்போதுதான் மிகவும் தள்ளி நிற்கும். அதற்கும் மேலே போனால் மறுபடி கிட்டே வரத் தொடங்கும். இப்போது துலாவின் நுனியில் சைக்கிளின் பின்சக்கரம் இருப்பதாகவும், ஏற்றக்காலின் உச்சிதான் கீல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கீல் சக்கரத்தின் அச்சுக்குச் சமமான உயரத்தில் இருந்தால், கல்லில் மோதிய சக்கரம் முதலில் நேரே மேலே போய், பிறகு முன்னால், அதாவது கல்லை நோக்கியே, வளையும். கீல் அச்சைவிட நன்றாக உயர்ந்திருந்தாலோ, சக்கரம் மேலே போகப் போகப் பின்வாங்கும். இடறிய கால் பின்வாங்குவதுபோல! இறங்கு பந்தயச் சைக்கிளின் பின்சக்கரம் சுமார் 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு எழும்பக்கூடியது. அத்தனை தூரத்தில் பின்வாங்குகிற சக்கரத்துக்கும் வாங்காத சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம், பாறையில் வேகத்தை இழப்பதா காப்பதா என்ற வித்தியாசம்.

இவ்வளவு நல்ல யோசனையை ஏன் எல்லாரும் முதலிலேயே செய்யவில்லை? செயின் சம்மதிக்கவில்லை. பெடல் இருக்கும் பல்சக்கரம் கீழே இருக்கிறது. பின்சக்கரம் பின்வாங்கினால் இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமாகிறது. செயின் ரப்பரா, நீளுவதற்கு? அது பெடலைப் பின்னோக்கி வெடுக்கென்று இழுக்கிறது. பாறையின் அடியிலிருந்து முதுகைக் காப்பாற்றினால், அந்த அடி செயின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து உள்ளங்காலில் விழுகிறது. நான் முன்பே சொன்னேன்: கல் கொடுத்ததை யாராவது வாங்கித்தான் ஆகவேண்டும்.

அங்கேதான் வருகிறது நம் கடைக்காரர் கேட்ட சின்னப் பல்சக்கரம். செயினை நேரே விடாமல் மேலே தூக்கி, கீலுக்குப் பக்கத்தில் ஒரு கப்பியில் ஏற்றி, அங்கிருந்து பின்சக்கரத்துக்கு விடுகிறார்கள். கீலுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் கையின் நீளம்தானே? அது மாறாது. ஆகவே சக்கரம் எங்கே போனாலும் செயினை இழுக்காது, பெடல் உதைக்காது. கிணற்றுக் கப்பி என்று கடைக்காரர் சொன்னது உபமானமல்ல, உண்மை.

இந்த யோசனை சைக்கிளில் உருவெடுத்த கதை சுவையானது. கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்திலிருந்து 2000-ஆம் ஆண்டையொட்டி 'பால்ஃபா' என்ற கம்பெனி 'பிபி 7' என்ற சைக்கிளைக் கொண்டு வந்தது. உயர்ந்த கீல், கப்பியோடு கூடிய செயின் எல்லாம் அதில் இருந்தன. ரசிகர்கள் கொண்டாடினார்கள்; ஆனால் பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பி சத்தம் போடும், சேறு அடைத்துக்கொள்ளும், தேயும், மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கைத் தின்னும் என்றார்கள். எல்லாம் உண்மைதான். சக்கரம் பின்வாங்கும்போது சைக்கிளின் நீளமே மாறுகிறது. வளைவில் திருப்புகிறவன் அதற்குப் பழகவேண்டும். பிரேக் பிடித்தால் பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். பலன் ஒன்று, விலை நாலு.

பிறகு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் அண்டோரா என்ற குட்டி தேசத்திலிருந்து, 'கொமன்சால்' கம்பெனி 2015-இல் உயர்ந்த கீல் வைத்த புதிய 'சுப்ரீம்' சைக்கிளை வெளியிட்டது. 2018-இல் அமோரி பியரோன் என்ற பிரெஞ்சு வாலிபர் அதில் ஏறி, வருஷம் முழுவதும் நடக்கும் உலகக் கோப்பை இறங்கு பந்தயத் தொடரை வென்றார். 2022-இல் கொமன்சாலிலேயே மறுபடி வென்றார். அதே கம்பெனி சைக்கிளில் மிரியம் நிகோல் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 2019-இலும் 2021-இலும் உலக சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? நார்கோ, ஜிடி, ட்ரெக் என்று பெரிய கம்பெனிகளும் கீலை உயர்த்தி, கப்பியை மாட்டிக்கொண்டன.

ஆனால் சரித்திரம் ஒருபோதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தீர்ப்புச் சொல்வதில்லை. 2018-இல், பியரோன் தொடர்க் கோப்பையை வென்ற அதே வருஷம், ஸ்விட்ஜர்லாந்தின் லென்சர்ஹைடேயில் ஒரே நாளில் தீரும் உலக சாம்பியன் பந்தயம் நடந்தது. அதை வென்றவர் லோயிக் ப்ரூனி. அவரும் பிரெஞ்சுக்காரர்தான். அவர் ஏறியிருந்த 'ஸ்பெஷலைஸ்டு' சைக்கிளில் கப்பி கிடையாது. ஒரு தேசம், ஒரு வருஷம், இரண்டு வித்தை, இரண்டு வெற்றி. பின்வாங்கும் சக்கரம் நல்லதா என்று கேட்டால், எந்தப் பாதையில், யாருக்கு, என்ன விலைக்கு என்று எதிர்க்கேள்வி போடத்தான் வேண்டியிருக்கிறது.

இத்தனையும் தெரிந்துகொண்டு, ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போனேன். ஏற்றத்தையும் கப்பியையும் வைத்து விளக்கினேன். கடைக்காரர் பாதியிலேயே புரிந்துகொண்டார். ஏற்றம் இறைத்த தகப்பனாருக்குப் பிறந்தவர்.

"அப்ப சக்கரத்துக்கு முட்டி வெச்சிருக்கான்னு சொல்லுங்க" என்றார்.

கடை வாசலில் பையன்களின் சைக்கிள் இரண்டு நின்றன. நடுவிலே தடித்த ஸ்பிரிங் வைத்தவை, பார்ப்பதற்கு ஜோர். அவற்றைக் காட்டி, "இது எப்படி?" என்றேன்.

"அது பகட்டுங்க. மிதிச்சா பாதி பலத்தை ஸ்பிரிங்கே தின்னுடும். இந்தத் தரையில எதுக்கு? இங்க மலையா இருக்கு?"

நியாயம்தான். ஸ்பிரிங்கினால் வருகிற சுகத்துக்கும் ஒரு விலை உண்டு. மலையில் இறங்குகிறவன் அதைக் கொடுக்கலாம், தட்டை நிலத்தில் பாரம் ஏற்றிப் போகிறவன் கொடுக்க முடியாது. டன்லப்பின் காற்று நூறு வருஷம் ஜெயித்ததற்கும், நம் கறுப்புச் சைக்கிள் இத்தனை காலம் மாறாமல் ஓடியதற்கும் அதுதான் காரணம்.

பேசிக்கொண்டே அவர் தம் சொந்தச் சைக்கிளை வெளியே தள்ளினார். சாயந்திரம் ஆகிவிட்டது, வயலில் களை எடுக்கப் போன மனைவியை அழைத்துவர வேண்டும். அந்தச் சைக்கிளின் கேரியரை அப்போதுதான் கவனித்தேன். பழைய ஸ்கூட்டர் ஆசனத்தின் பஞ்சை அளவாக அறுத்து, கம்பிகளின்மேல் வைத்து, கிழிந்த டியூபை நாடாவாகக் கத்தரித்து இறுக்கிக் கட்டியிருந்தார். பஞ்சின் நடுவில் குழி விழுந்திருந்தது. பல வருஷத்துக் குழி.

"இது எப்பக் கட்டினது?" என்றேன்.

"பெரியவன் வயத்துல இருந்தப்போங்க. ரோடு அப்ப ரொம்ப மோசம்."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். என் பாட்டி மடி நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பழைய டியூப் கிடைத்திருந்தால்கூட அவள் அப்படித்தான் கட்டியிருப்பாள். ஏரிக்கரைப் பக்கம் அந்தச் சைக்கிள் சிறுத்துக்கொண்டே போவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.